பதினாறுக்கு ஒன்பது

கல்தூம் எடுத்த படத்தில் பெரிய குறை எதுவும் இல்லை என்று தெற்கு ஒளிபரப்புக் கழகம் எழுத்து மூலமாகவே தெரிவித்திருந்தது. கருத்தில் குறையில்லை. ஒலியில் குறையில்லை. சாலைத் துறையைக் குறை சொல்லும் வாக்கியங்கள் இரண்டு இருந்தாலும், அவை காற்றுச் சத்தத்தில் சரியாகக் கேட்காததால் அதிலும் குறையில்லை. மனிதர்கள் மட்டும் ஒல்லியாக இருக்கிறார்கள். ஆகவே படம் திருப்பி அனுப்பப்படுகிறது.

இந்தக் கடிதம் ஏப்ரல் மாதம் காபெஸ் நகரில் அவள் வீடியோ கடைக்கு வந்தது. கல்தூமுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. எங்கள் ஊரில் நடக்கும் கல்யாணங்களில் பாதி அவள் கணினி வழியாகப் போய்த்தான் ஆல்பத்துக்கும் சி.டி.க்கும் வரும். மணப்பெண்ணின் மாமியார் எந்தக் காட்சியில் முறைத்தாள், அதை எங்கே வெட்டினால் குடும்பம் நிலைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினேழு வருடங்களில் யாரையும் அவள் ஒல்லியாக்கியதில்லை. ஆக்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு.

கழகத்துக்கு அனுப்பிய படம் கல்யாணப் படம் அல்ல. அய்ன் ஸித்ரா என்ற சிற்றூருக்கும் அதன் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு காட்டாறு போகிறது. பத்து மாதம் அது வெறும் கல்லும் மணலும். மழைக்காலத்தில் மலையில் எங்கோ பெய்தால் அரை மணி நேரத்தில் இங்கே ஆளை அடித்துக்கொண்டு போகும். முந்தைய நவம்பரில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்த செவிலியர் ஒருத்தி மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதைக் கடந்தாள். பெட்டி அன்றைக்கே கிடைத்தது. அவள் மூன்று நாள் கழித்துக் கடலோரத்தில் கிடைத்தாள்.

ஊர்க்காரர்கள் பாலம் கேட்டு எழுதிய மனுக்களுக்குச் சாலைத் துறை ஒரே ஒரு முறை பதில் போட்டது. மனுக்கள் நிறைய வருகின்றன, எல்லாவற்றையும் படிக்க முடிவதில்லை, ஆனால் மாகாண ஆளுநர் தொலைக்காட்சி பார்ப்பார் என்று அதில் இருந்தது. பள்ளி ஆசிரியை ஸொஹ்ரா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்தூமிடம் வந்தாள். இருவரும் பழைய வகுப்புத் தோழிகள். இருபத்தாறு நிமிடப் படம் அப்படித்தான் உருவானது. அடுத்த மழைக்கு முன் அது ஒளிபரப்பாக வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கணக்கு.

கடிதத்தைப் படித்ததுமே கல்தூமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதினாறு பங்கு அகலமும் ஒன்பது பங்கு உயரமும் உள்ள அகலத்திரைப் படத்தை எடிட் செய்து முடித்துக் கோப்பாக வெளியே எடுக்கும்போது, அது பழைய நாலுக்கு மூன்று சட்டத்துக்குள் பக்கவாட்டில் நெருக்கி அடைக்கப்பட்டுத்தான் போகும். கூடவே, இதை விரித்துக் காட்டு என்று ஒரு சின்னக் குறிப்பும் போகும். டி.வி. அந்தக் குறிப்பைப் படித்தால் படத்தை விரித்துவிடும். படிக்கத் தெரியாத டி.வி. நெருக்கிய படத்தை அப்படியே காட்டும். அதில் எல்லாரும் ஈர்க்குச்சியாக நிற்பார்கள். யாரோ பழைய பெட்டியில் பார்த்திருக்கிறார்கள், நேரில் போய்ச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் டாக்ஸி பிடித்து, கழகம் இருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் போனாள்.

கழகத்தின் மூன்றாவது மாடியில், படங்களின் அகல உயரத்தைச் சரிபார்க்கும் படவிகிதக் குழு இருந்தது. ஐந்து உறுப்பினர்கள், வியாழக்கிழமை தோறும் கூட்டம். தலைவர் முன்ஸிஃப் கர்ராய், இனிமையாகப் பேசக்கூடியவர். அறையின் நடுவே ஒரு பழைய சதுர டி.வி. மேசை மேல் இருந்தது. அதற்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் அதை வாங்கிய நாளின் புகைப்படம் மாட்டியிருந்தது.

கல்தூம் நெருக்கலையும் விரித்தலையும் கைக்குட்டையை மடித்து விரித்து விளக்கினாள். முன்ஸிஃப் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு காபி வரவழைத்தார்.

"மேடம், இந்தப் பெட்டி இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கு. தப்பா காட்டுதுன்னு ஒரு புகார் வந்ததில்ல. உங்க படம் வந்து ஒரு மாசம்கூட ஆகல. நாங்க யார நம்பணும்னு நீங்களே சொல்லுங்க."

படியிறங்கும்போது கழகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் அம்மார் கூடவே வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். எதற்கும் அவசரப்படுவதை எப்போதோ விட்டுவிட்டவர். கீழே வரவேற்பறையில் சுவரளவுக்கு ஒரு புத்தம்புது அகலத்திரை இருந்தது. அதில் வண்ண மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அதைக் குழுவுக்காகத்தான் வாங்கினார்கள் என்று அம்மார் சொன்னார். வந்த அன்று பொருள் பதிவேட்டில் 'வரவேற்பறை அலங்காரம்' என்ற பத்தியில் யாரோ எழுதிவிட்டார்கள். அலங்காரப் பொருளை மாடிக்கு ஏற்ற விதியில் இடமில்லை. இரண்டு வருடமாக மீன்கள் மட்டும் சரியான விகிதத்தில் இருக்கின்றன.

அவர் சொன்ன யோசனைப்படி கல்தூம் இரண்டாவது முறை வேறு மாதிரி கோப்பு எடுத்தாள். சதுரப் பெட்டியிலும் படம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு, நடுவில் அகலப் படத்தை வைக்க வேண்டும். மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் குழு அதைப் பார்த்தது. மனிதர்கள் மனிதர்களாக இருந்தார்கள். காட்டாறு காட்டாறாக இருந்தது. முதல் நிமிடத்திலேயே முன்ஸிஃப் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். திரையில் கருப்பு என்பது கழகத்தைப் பொறுத்தவரை துக்கத்துக்கு உரியது, அதற்குத் தனி ஆணை வேண்டும் என்று விளக்கினார்.

"இதுல யார் செத்துட்டாங்க மேடம்?"

"ஒரு நர்ஸ், சார். படமே அதப்பத்திதான்."

"அல்லா அவங்களுக்கு இரங்கட்டும். நான் கேட்டது அரசாங்க அளவுல."

அரசாங்க அளவில் யாரும் சாகவில்லை என்று கல்தூம் ஒப்புக்கொண்டாள். படம் திரும்பி வந்தது.

மூன்றாவது முறை அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் சதுரமாகக் கோப்பு எடுத்தாள். காட்டாற்றின் இரு கரையும் போய்விட்டன. பழுப்புத் தண்ணீருக்கு நடுவே ஸொஹ்ரா எதையோ தேடுவது போல நின்றுகொண்டிருந்தாள். அதைக் குழு விரும்பியது. முன்ஸிஃப்கூடத் தலையாட்டினார். ஆனால் உறுப்பினர்களில் ஒருவர் சுற்றறிக்கை நாற்பத்தொன்றை வாசித்தார். நடப்பாண்டு அகலத்திரை ஆண்டு என்றும், அகலமில்லாத படம் எதுவும் ஏற்கப்படாது என்றும் அது சொன்னது. அகலமான படத்தை எந்தப் பெட்டியில் பார்ப்பது என்று கல்தூம் கேட்டாள். சுற்றறிக்கை படம் எடுப்பவர்களுக்கு உரியது, பார்ப்பவர்களுக்கு அல்ல என்று பதில் வந்தது.

இப்படி நெருக்கினால் ஒல்லி, பட்டை விட்டால் துக்கம், வெட்டினால் விதிமீறல் என்று ஆகிவிட்ட நிலையில் குழுவே மனமிரங்கி ஒரு வழி கண்டுபிடித்தது. படத்துக்குள் வட்டமான பொருள் ஒன்று சாட்சியாக இருக்க வேண்டும். திரையில் அதை அளவுகோலால் அளப்பார்கள். அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் விகிதம் சரி. கல்தூமுக்கு இது கேட்கும்போது நியாயமாகவே பட்டது. இரண்டு மாதம் அந்த மாடிக்கு ஏறி இறங்கினால் யாருக்கும் அப்படித்தான் படும்.

ஜூன் மாத வெயிலில் மறுபடி அய்ன் ஸித்ராவுக்குப் போனாள். ஸொஹ்ரா பக்கத்து வீட்டில் ரவை சலிக்கும் பெரிய சல்லடையை வாங்கிக்கொண்டு, வறண்ட ஆற்றின் நடுவில் அதை மார்புக்கு நேரே பிடித்தபடி நின்றாள்.

"எதுக்குடி இது?"

"நீ ஒல்லியா இல்லையான்னு பாக்குறதுக்கு."

"நேர்ல வந்து பாக்கச் சொல்லு. நாலு பிள்ள பெத்த உடம்பு இது, சல்லட எதுக்கு?"

முதல் முறை போலவே நெருக்கிய கோப்பில் குழு அதைப் பார்த்தது. சதுரப் பெட்டியில் சல்லடை முட்டை வடிவில் இருந்தது. முன்ஸிஃப் அளவுகோலை வைத்து அளந்து, இந்தச் சல்லடை வட்டமானதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கல்தூம் பையிலிருந்து சல்லடையையே எடுத்து மேசை மேல் வைத்தாள். ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் தொட்டுக்கூடப் பார்த்தார். பொருளைப் பரிசோதிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை, உரிய அலுவலகத்தின் சான்றிதழ் வேண்டும் என்று முடிவானது.

காபெஸ் நகராட்சியில் சான்றிதழ் தரும் எழுத்தர் நல்ல மனிதர். எங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பிறப்பு, இறப்பு, குடியிருப்பு, திருமணமாகாதவர் என்று நான்கு படிவங்கள்தான் அவரிடம் இருந்தன. சல்லடைக்கு எது பொருந்தும் என்று யோசித்துவிட்டு, குடியிருப்புப் படிவத்தை எடுத்து நிரப்பி முத்திரை குத்திக் கொடுத்தார். மேற்படி சல்லடை எமது நகராட்சி எல்லைக்குள் வட்டமாக வசித்து வருகிறது என்று அதில் இருந்தது.

முத்திரையை ஐந்து பேரும் கைமாற்றிப் பார்த்தார்கள். காகிதத்தில் வட்டம், திரையில் முட்டை. அந்த அறையின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒருவர் பெட்டியைச் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார் என்று அம்மார் பிற்பாடு சொன்னார். முன்ஸிஃப் சுதாரித்துக்கொண்டார்.

"சான்றிதழ் காபெஸ் நகராட்சியோடது. அங்க வட்டமா இருந்திருக்கலாம், நான் மறுக்கல. இது ஸ்ஃபாக்ஸ்."

விவகாரம் ஒரு துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. கோடைக்கால அரைநாள் அலுவலகம் தொடங்கியது. மதியம் ஒன்றரை மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். துணைக்குழு ஒன்றரை மணிக்குத்தான் கூடுவதாக இருந்தது. கல்தூம் ஜூலையில் இரண்டு முறையும் ஆகஸ்டில் மூன்று முறையும் போனாள். ஒரு முறை வரவேற்பறையில் மீன்களைப் பார்த்தபடியே தூங்கிவிட்டாள். காவலாளி எழுப்பாமல் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு யாராவது செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பரில் எல்லாம் ஒரே நாளில் மாறியது. கழகத்தின் தலைவர் பேரீச்சம்பழத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து வைத்ததைப் படமாக எடுத்திருந்தார்கள். அவர் கனத்த சரீரம். நாற்காலியில் உட்கார இருவர் உதவ வேண்டியிருக்கும். அந்தப் படம் அகலத்திரையில் எடுக்கப்பட்டு, வழக்கம்போல் மூன்றாம் மாடியின் சதுரப் பெட்டிக்கு வந்தது. அன்று தலைவரே வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் உயரமான, தோள் இறங்கிய, வயிறே இல்லாத ஒரு மனிதர் ரிப்பன் வெட்டினார். தலைவர், இன்னொரு தடவை போடு என்றார். மூன்று தடவை போட்டார்கள். போகும்போது, இத்தனை நாளாக மற்ற பெட்டிகளில் தன்னைத் தவறாகக் காட்டி வந்திருக்கிறார்கள் என்று வருத்தத்துடன் சொல்லிவிட்டுப் போனாராம்.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை ஐம்பத்தெட்டு வந்தது. இனி எல்லாப் படங்களும் எல்லா வீட்டுப் பெட்டிகளிலும் குழுவின் பெட்டியில் தெரிவது போலவே தெரிய வேண்டும். முன்ஸிஃப் கல்தூமைத் தாமே தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது. அவளுடைய முதல் கோப்புதான் மிகச் சரியானது, குழு அப்போதே உணர்ந்திருந்தது, அதில் ஒரே ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்றார்.

"அந்த விரிக்கிற குறிப்புன்னு ஏதோ சொன்னீங்களே, அத எடுத்துடுங்க. அது இருந்தா ஜனங்க வீட்ல டி.வி. அதப் படிச்சுட்டு ஆளைக் குண்டாக்குது."

"சார், அது குண்டாக்கல. உள்ளபடி காட்டுது."

"உள்ளபடி காட்டறதுக்கு எதுக்கு மேடம் கழகம்? ஜன்னலத் தொறந்தாப் போதுமே."

கல்தூம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். ஐந்து மாதம் அவள் போராடியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், ஆளை ஆளாகக் காட்ட வேண்டும் என்பதற்கு. இப்போது அவள் கையாலேயே அதைக் கெடுத்துக் கொடுத்தால் எல்லாம் நடந்துவிடும். அன்று மாலை ஸொஹ்ராவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். மலைப்பக்கம் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது என்று ஸொஹ்ரா சொன்னாள். போன மழைக்குப் பிறகு பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்தால் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன என்றும் சொன்னாள். படம் எப்படித் தெரிந்தால் என்ன, வந்தால் சரி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கல்தூம் கணினி முன் உட்கார்ந்து, விகிதம் என்ற இடத்தில் பதினாறுக்கு ஒன்பது என்று இருந்ததை மாற்றி நாலுக்கு மூன்று என்று வைத்தாள். கோப்பு வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. கூடவே ஒரு படிவம் இருந்தது. இப்படத்தில் காணப்படும் மனிதர், விலங்கு, நிலம் அனைத்தின் அகல உயரங்கள் உண்மையானவை என உறுதி கூறுகிறேன். அதிலும் கையெழுத்துப் போட்டாள்.

அக்டோபர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மாலைச் செய்திக்குப் பிறகு படம் வந்தது. அய்ன் ஸித்ராவில் இருந்த இரண்டு டி.வி.க்கு முன்னால் ஊரே கூடியது. எல்லாரும் ஒல்லியாக இருந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆட்டுக்கடைக்காரருக்கு மட்டும் ஆடுகள் இளைத்துத் தெரிகின்றன என்று மனத்தாங்கல். ஆளுநர் படம் பார்த்தார். மறுநாளே சாலைத் துறைக்கு உத்தரவு போனது. அந்த மழைக்காலத்தில் பள்ளியை மூன்று வாரம் மூடி வைத்தார்கள். யாரும் சாகவில்லை. நடுவே ஒரு நாள் சாலைத் துறையிலிருந்து ஸொஹ்ராவுக்குப் போன் செய்து அவள் உயரம் என்ன என்று மட்டும் கேட்டார்கள். ஒரு மீட்டர் அறுபத்திரண்டு என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். ஏதோ பாராட்டு அங்கி தைக்கப் போகிறார்கள் என்று அவள் கணவன் நினைத்தான்.

பிப்ரவரியில் பாலம் திறப்பு விழாவுக்குக் கல்தூமை அழைத்திருந்தார்கள். கொடிகள் கட்டியிருந்தன. மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடக் கரையிலிருந்து புறப்பட்ட பாலம் நல்ல கான்கிரீட்டில், இரு பக்கமும் கைப்பிடியுடன், நேராகவும் உறுதியாகவும் போனது. ஊர்க் கரைக்கு நாலு மீட்டர் முன்னால் நின்றுவிட்டது. அதன் முனையிலிருந்து ஆற்றுக்குள் இறங்க ஒரு மர ஏணி சாத்தியிருந்தார்கள். ஏணிக்குப் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தது. அதற்கும் ஒரு ரிப்பன் இருந்தது.

கல்தூம் சாலைத் துறைப் பொறியாளரைத் தேடிப் பிடித்தாள். இளைஞர், மரியாதையானவர். இலாகா வண்டி பழுதில் இருந்ததால் யாரும் நேரில் வர முடியவில்லை, ஆனால் குத்துமதிப்பாக எதையும் கட்டவில்லை என்று விளக்கினார். ஒளிபரப்பைப் பதிவு செய்து, ஆற்றின் நடுவில் நின்ற ஆசிரியையின் உயரத்தை அளவாக வைத்து, திரையில் அளவுகோல் பிடித்துக் கணக்கிட்டிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு மீட்டர் வந்தது. இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். ஆற்றின் அகலம் பதினாறு மீட்டர் என்றாள் கல்தூம். படம் பக்கவாட்டில் நெருக்கப்பட்டது, உயரம் அப்படியே இருக்கும், அகலம் முக்கால்தான் தெரியும் என்று மறுபடியும் கைக்குட்டையை எடுத்து மடித்துக் காட்டினாள்.

அவர் கவனமாகப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்தது. அத்தனை மாதத்தில் ஒரே தடவையில் புரிந்துகொண்ட முதல் அதிகாரி அவர்தான். பிறகு கைப்பையிலிருந்த கோப்பைத் திறந்து, கழகம் அனுப்பி வைத்திருந்த படிவத்தின் நகலை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே அக்கா?"

"ஆமா."

"நான் குத்தம் சொல்லல. பெரிய ஆபீஸ்ல கேட்டா நான் இதத்தான் காட்டணும். அதுக்குத்தான் கேட்டேன்."

விழாவில் கழகத்தின் சார்பில் முன்ஸிஃப் பேசினார். ஒரு படம் ஒரு பாலத்தையே கட்டியிருக்கிறது என்றார். படம் எப்படியோ பாலமும் அப்படியே என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கல்தூமும் தட்டினாள். கை தானாகவே தட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு அவளும் ஸொஹ்ராவும் பாலத்தின் மேல் நடந்து முனைக்கு வந்தார்கள். கீழே முந்தின வாரத்து மழையின் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஏணியில் வரிசையாக இறங்கி, பாறைகளில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நான் அத மாத்திக் குடுக்காம இருந்திருந்தா பாலம் முழுசா வந்திருக்கும்" என்றாள் கல்தூம்.

"குடுக்காம இருந்திருந்தா படமே வந்திருக்காது. பன்னண்டு மீட்டரும் இல்ல."

"அதுவும் உண்மைதான்."

"ரெண்டுமே உண்மைதான். அரைச்ச மாவையே அரைச்சுக்கிட்டு இங்கயே நின்னுக்கிட்டு இருக்காத. மிச்ச நாலுக்கு நாளைக்கு மனு எழுதலாம். செருப்பக் கழட்டு, கீழ சேறு."

ஸொஹ்ரா முதலில் இறங்கினாள். கல்தூம் செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஏணியைப் பற்றி, பச்சை பெயின்ட் கையில் ஒட்ட ஒட்ட இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் இழுப்பு இருந்தது. கயிற்றைப் பிடித்தபடி, ஓர் அடி வைத்து, கால் ஊன்றிய பிறகு அடுத்த அடி வைத்து, அந்த நாலு மீட்டரையும் அவள் நடந்து முடித்தாள்.